போசிக்ஸ் விதித்ததும் விட்டுவைத்ததும்: டாஷ், பாஷ், இசட் ஷெல், ஃபிஷ்

என் மடிக்கணினியில் பல மாதங்கள் ஒழுங்காக ஓடிய காப்புப்பிரதி ஸ்கிரிப்ட் ஒன்றை வேறொரு லினக்ஸ் சர்வருக்கு மாற்றிய அன்று, அது நின்றுபோகவில்லை. தவறான கிளைக்குள் நுழைந்து, வேலை முடிந்ததாகவே காட்டிக்கொண்டது. காரணம் [ "$1" == "1" ] என்ற ஒரே வரி. நாம் தரும் கட்டளைகளையும் ஸ்கிரிப்டுகளையும் படித்து நிறைவேற்றும் நிரல்தான் ஷெல்; அவற்றுள் ஒன்றான பாஷ் இரட்டைச் சமக்குறியை ஏற்கும். அந்தச் சர்வரில் எஸ்எச் (sh, ஸ்கிரிப்டுகள் வழக்கமாக அழைக்கும் ஷெல்) என்ற பெயரில் இருந்த இன்னொரு ஷெல்லான டாஷோ, எதிர்பாராத செயற்குறி என்று ஒரு வரி முனகிவிட்டு 2 என்ற வெளியேறும் நிலையைத் திருப்பியது; சுழியம் அல்லாத எதையும் இஃப் பொய்யாகவே கொள்வதால் ஓட்டம் எல்ஸ் பகுதிக்குப் போய்விட்டது. பிழை என்னுடையதுதான், ஏனெனில் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதித்தொகுப்பான போசிக்ஸில் 1992இல் வெளியான ஷெல் தரநிலை இந்தச் சோதனைக்கு வகுத்தது ஒற்றைச் சமக்குறியை.

டாஷின் மூலம் 1989இல் கென்னத் ஆல்ம்குவிஸ்ட் எழுதிய ஆஷ். அதே ஆண்டு க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது பாஷ். கணினி தொடங்கும்போது ஏராளமான ஸ்கிரிப்டுகள் ஓடுவதால், சிறியதும் விரைவாகக் கிளம்புவதுமான டாஷை, லினக்ஸ் வகைகளான உபுண்டு 2006இலும் டெபியன் 2011இலும் எஸ்எச் இடத்தில் அமர்த்தின. தரநிலை என்ற பொது ஒப்பந்தம் இல்லாதிருந்தால் இந்த இடமாற்றத்தை எண்ணிப்பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் டாஷ் தூய போசிக்ஸ் அன்று: ஒரு மாறியை ஒரு செயற்கூற்றுக்குள் மட்டும் அடக்கும், தரநிலையில் இல்லாத லோக்கல் கட்டளையை அது ஏற்கிறது, டெபியனின் கொள்கை ஆவணமும் அதை எஸ்எச்சிடம் எதிர்பார்க்கிறது.

பாஷை எஸ்எச் என்ற பெயரில் அழைத்தால் அது போசிக்ஸ் முறைக்கு மாறிக்கொள்ளும். பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த முறை, தரநிலையோடு முரண்படும் நடத்தைகளைத் திருத்துகிறதே தவிர, பாஷின் கூடுதல் வசதிகளை அகற்றுவதில்லை, அணிகளும் (பல மதிப்புகளை வைக்கும் மாறிகள்) [[ என்ற இரட்டை அடைப்புக்குறிச் சோதனையும் அப்போதும் வேலை செய்யும். ஆகவே பாஷில் ஓடிவிட்டது என்பது ஸ்கிரிப்ட் எங்கும் ஓடும் என்பதற்குச் சான்றாகாது. டாஷில் ஓடியது என்பது ஓரளவு சான்றாகும்.

தரநிலை வாய்மூடிக்கொண்ட இடங்கள் இன்னும் சுவையானவை. அச்சிடும் கட்டளையான எக்கோவுக்குக் கொடுக்கும் சொல்லில் பின்சாய்வுக்கோடு இருந்தால் என்ன செய்வது என்பதைப் போசிக்ஸ் அந்தந்த ஷெல்லின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது: டாஷ் அதை வரிமுறிவு போன்ற குறியீடாகப் படிக்கும், பாஷ் இயல்பில் அப்படியே அச்சிடும். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பின் கடைசிக் கட்டளையாக, உள்ளீட்டைப் படிக்கும் ரீட் வந்து ஒரு மாறியை நிரப்பினால், டாஷிலும் பாஷிலும் அது துணை ஷெல்லில் (தனியே கிளைத்த ஒரு பிரதியில்) நடப்பதால் மதிப்பு அங்கேயே மறைந்துவிடும். இசட் ஷெல்லில் தங்கும். தரநிலை இரண்டையும் அனுமதிக்கிறது, எனவே எதையும் குறை சொல்ல வழியில்லை.

இசட் ஷெல் தெரிந்தே விலகும் இடமும் உண்டு. இரண்டு கோப்புப் பெயர்களை இடைவெளி விட்டு ஒரு மாறியில் வைத்து, மேற்கோள்குறி இல்லாமல், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஸுக்குக் கொடுத்தால் டாஷும் பாஷும் இரண்டாகப் பிரிக்கும். இசட் ஷெல் இடைவெளியோடு கூடிய ஒரே பெயராகத் தேடும். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது, ஆனால் தரநிலை சொல்வது அதுவன்று. 2019 முதல் மேக்ஓஎஸ் பயனர்கள் தட்டச்சு செய்வது இசட் ஷெல்லில். அங்கே எஸ்எச் ஸ்கிரிப்டுகளை இயல்பாக ஓட்டுவதோ இன்னும் பாஷ். ஃபிஷ் ஷெல்லோ இந்தப் போசிக்ஸ் விளையாட்டுக்கே வரவில்லை, மாறிக்கு மதிப்புத் தருவதற்குக்கூட அதற்குத் தனி இலக்கணம்.

தரநிலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பைப்பின் நடுவில் ஒரு கட்டளை தோற்றால் அதை வெளிக்காட்டும் பைப்ஃபெயில், கார்ன் ஷெல்லிலும் பாஷிலும் நெடுங்காலம் இருந்தபின் 2024 பதிப்பில்தான் போசிக்ஸுக்குள் வந்தது. நான் இப்போது தட்டச்சுக்கு இசட் ஷெல்லையும், பிறர் கணினிக்குப் போகும் ஸ்கிரிப்டுக்கு டாஷையும் வைத்திருக்கிறேன். அணிகள் தேவைப்பட்டால் முதல் வரியிலேயே பாஷ் என்று எழுதிவிடுகிறேன்.