பிகினா, யூனிட்செக்கா? ஒரு செக்ரோல் கணக்கின் அனுபவம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் செக்ரோல் கணக்கை (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) பெர்ல் என்ற புரோகிராம் மொழியில் எழுதினேன். முழுப்பேர் (முழுநாள் வேலை), அரைப்பேர் (அரைநாள்), கைக்காசு (நாள் கூலிக்கு வெளியே காசுக்குச் செய்வது) என்று வகைக்கொரு ஃபங்ஷன். எந்த வகைக்கு எது என்று சொல்ல ஓர் அட்டவணை. அட்டவணையில் ஃபங்ஷன் பெயர் ஓர் எழுத்து பிசகினாலும், அந்த வகை வரும் நாள்வரை புரோகிராம் வாய் திறக்காது. எனக்குக் கைக்காசில் பிசகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுத்தவர்களின் வரிக்கு வந்ததும் சம்பளப் பட்டியல் பாதியில் நின்றது. ஒருவரின் உழைப்புக் கணக்கு இப்படி நிற்கவே கூடாது. கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடுமுன் பெர்ல் கோட்டைப் படித்துத் தயார் செய்யும்போதே, பிழை பிடிபட வேண்டும்.

அதற்குப் பெர்லில் நான்கு இடம் இருக்கிறது: பிகின், செக், இனிட், யூனிட்செக். ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள நேரத்தில் தானாக ஓடும் ஒரு பிளாக், அதாவது கோட் துண்டு.

பிகின் பிளாக், அதைப் படித்து முடித்த கையோடு ஓடிவிடும். அதற்குக் கீழே எழுதிய ஃபங்ஷன்கள் அந்த நேரத்தில் இல்லை. பிரட்டுக்களத்துக்கு (காலையில் பேர் பதியும் இடம்) ஆட்கள் வந்து சேருமுன் பேர் கூப்பிட்டால், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் வராதவர்கள்தான். மாட்யூல் (தனிக் கோப்பில் இருக்கும் கோட்) ஏற்ற அது அருமை ('யூஸ்' வரியே உள்ளுக்குள் ஒரு பிகின்தான்), சோதிக்க ஆகாது.

முதலில் நான் நம்பியது செக் பிளாக்கை. மெயின் புரோகிராம் முழுதும் கம்பைல் ஆனதும் அது ஓடும். ஆனால் என் கணக்கு மாட்யூல் ஓட்டத்தின் நடுவே, கோப்பை ஏற்றும் 'ரிக்வயர்' கட்டளை மூலம் ஏறியது. அதற்குள் செக்கின் நேரம் கடந்துவிட்டதால் சோதனை நடக்கவே இல்லை. அந்தக் கோப்பில் வார்னிங் போட்டிருந்தால் 'டூ லேட்' என்று பெர்லே சொல்லியிருக்கும். ஓட்டம் தொடங்குமுன் ஓடும் இனிட்டுக்கும் இதே கதி. போதாததற்கு, ஓட்டாமல் சரிபார்க்கும் 'மைனஸ் சி'யில் அது ஓடவே ஓடாது.

யூனிட்செக் 2007இல் பெர்ல் 5.10உடன் வந்தது. ஒவ்வொரு கோப்பும் கம்பைல் ஆகி முடிந்ததும் அந்தக் கோப்புக்கென்று ஓடும். ரிக்வயரில் ஏற்றினாலும் தவறாது, 'மைனஸ் சி'யிலும் ஓடும். என் தேர்வு இதுதான்.

ஆனால் ஒரு குழி இருக்கிறது, கவனம். அட்டவணையை வழக்கம்போல 'மை' போட்டு (மாறியை அறிவிக்கும் சொல்) அதே வரியில் நிரப்பினால், அட்டவணையின் பெயர் மட்டும்தான் கம்பைல் நேரத்தில் பதியும்; உள்ளே மதிப்புகள் விழுவது ஓட்டத்தில். யூனிட்செக் பார்க்கும்போது அட்டவணை காலி. ஒவ்வொரு பெயருக்கும் ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்க்கும் லூப் ஒரு தடவைகூடச் சுற்றாது, பிழையும் வராது, எல்லாம் சரி என்று நாம் நம்பிவிடுவோம். அதனால் 'மை' வரியை வெறுமனே மேலே விட்டு, நிரப்புவதைப் பிகினுக்குள் வைத்தேன், சோதனை யூனிட்செக்கில். அப்புறம் கைக்காசில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி, அந்த மாட்யூல் கோப்புக்கே 'மைனஸ் சி' கொடுத்தேன். ஒரு வரிக் கணக்கும் ஓடுமுன், அந்தப் பெயரைச் சொல்லி நின்றது.