செராமிக் கோட்டிங்: இரண்டரை வருடம், ஒரு கருப்பு கார், போர் தண்ணீர்

அலுவலகத் தம்பி ஒருவர் புது கார் எடுக்கிறார். "அண்ணா, செராமிக் கோட்டிங் போடலாமா?" என்று கேட்டார். கார் பெயிண்டைக் காக்க அதன் மேல் பூசும் மெல்லிய, ஒளி ஊடுருவும் படலம்தான் அது. போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை.

என் கார் கருப்பு. திருவான்மியூரில் வீடு, திறந்தவெளி பார்க்கிங், தலைக்கு மேலே தென்னை. டெலிவரி எடுத்த வாரமே 28,000 ரூபாய் கொடுத்துக் கோட்டிங் போட்டேன். போன மார்ச்சில் தென்னை மட்டை விழுந்து பானெட் நசுங்கியது. தட்டி நிமிர்த்திப் புது பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் நன்றாக இறுகட்டும், ஒரு மாதத்துக்காவது எதுவும் பூசாதீர்கள் என்றார் பெயிண்டர். அதற்குப் பிறகும் பூசவில்லை. இப்போது கூரையில் கோட்டிங் இருக்கிறது, பானெட்டில் இல்லை. இரண்டின் மேலும் விழுவது அதே வெயில், அதே காக்கை எச்சம், அதே கடல் காற்று.

கத்திரி வெயிலில் வித்தியாசம் தெரிந்தது. கூரையில் காலையில் விழுந்த எச்சம் சாயங்காலம் ஈரத் துணி வைத்ததும் கழன்று வந்தது. பானெட்டில் அதே எச்சம் தடம் பதித்துவிட்டது. சூட்டில் பெயிண்ட் இளகும், மேலே எச்சம் காய்ந்து சுருங்கும், அதன் அமிலமும் சேர்ந்து பெயிண்டின் மேலடுக்கான நிறமற்ற கிளியர் கோட்டைத் தின்னும். இந்த ஒரு விஷயத்தில் கோட்டிங்கை நான் மனதாரப் பாராட்டுவேன். மழை ஓய்ந்த பிறகு வரும் அந்தப் பளபளப்பையும் சேர்த்துத்தான்.

ஆனால் தண்ணீர்ப் புள்ளி! எங்கள் அப்பார்ட்மென்ட் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பானெட்டில் அது பரவி வழிந்துவிடும். கோட்டிங் மேல் முத்து முத்தாக நிற்கும். விளம்பரத்தில் காட்டுவதும் அந்த முத்துகளைத்தான். வெயிலில் ஒவ்வொரு முத்தும் காயும்போது உள்ளே இருந்த கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வளையமாக அங்கேயே தங்கிவிடும். வாட்ச்மேன் காலை எட்டரைக்குக் கழுவுவார், ஒன்பதுக்குக் கூரை முழுக்க வளையம். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில் வைத்துத் துடைத்தால் புது வளையம் போகும். பழையது போகாது. பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் கோட்டிங்கும் போய்விடும், அது இருப்பதே ஒன்றிரண்டு மைக்ரான் கனம். 3 வருட வாரண்டி அட்டையோடு கடைக்குப் போனேன். தண்ணீர்ப் புள்ளி அதில் சேராதாம். சென்னையில் பல பேர் போர் தண்ணீரில்தான் கார் கழுவுகிறோம். இதைப் பணம் வாங்கும் முன்பு சொல்லியிருக்க வேண்டாமா?

கோட்டிங் விளம்பரத்தில் சொல்லும் '9 ஹெச் கடினம்' என்பதும் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மண் ஒட்டிய துணியால் தேய்த்தால் கோடு விழத்தான் செய்யும், எனக்கு விழுந்தது.

எனக்குக் கைகொடுத்தது ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டும் தண்ணீர் என்பதால் அதில் உப்பு கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் அரை பக்கெட்டுக்கு மேல் சேர்கிறது. வெயில் ஏறும் முன் போர் தண்ணீரில் கழுவி, அது காய்வதற்குள் ஏசி தண்ணீரை ஊற்றி, மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுக்கிறேன். நான்கு மாதமாகப் புது வளையம் ஒன்றுகூட இல்லை.

தம்பி, உனக்கு மூடிய பார்க்கிங்கும் நல்ல தண்ணீரும் இருந்தால் போடு. எச்சத்துக்குக் கோட்டிங் நல்ல காவல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் மட்டும் பானெட்டுக்குப் போடப்போவதில்லை. எச்சத்தின் தடம் அங்கே ஒன்று இருக்கிறது, இருக்கட்டும். ஏசி தண்ணீர் தவறுகிற நாளில் அங்கேயும் அந்த வெள்ளை வளையங்களைப் பார்க்க என்னால் முடியாது.