அந்திகுவா, ஷேலா, சலமான்கா: ஸ்பானிஷ் கற்க எந்த வீட்டில் தங்கலாம்?

ஸ்பானிஷ் கற்பதற்காகத் தனியாகக் கிளம்பி, முன்பின் அறியாத குடும்பத்தோடு சில வாரங்கள் தங்குவது என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த கேள்வி எந்த ஊர் என்பதுதான். பள்ளியின் பெயரையும் கட்டணத்தையும் பார்த்தே பலர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை. யார் யார் உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள், பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்ற மூன்றையும் வைத்து, இதற்குப் பேர்போன மூன்று ஊர்களை ஒப்பிடுகிறேன்.

குவாத்தமாலாவின் அந்திகுவாதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரம் வேறிடத்துக்குப் போய்விட்டதால், இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களும் பழைய நிலையிலேயே தங்கிவிட்டன. 1969 முதலே இங்கே ஸ்பானிஷ் பள்ளி இருக்கிறது. வழக்கமான முறை ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர்: முற்றத்தில் ஒரு சின்ன மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், காலையில் நான்கைந்து மணி நேரம். பதில் சொல்லப் பக்கத்தில் வேறு மாணவர் கிடையாது, தப்பிக்கவே முடியாது. எழுத்துக்கூட்டத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கோளாறு வீட்டில்தான். சுற்றுலாவால் வாழும் ஊர் என்பதால், சில வீடுகள் மாணவர்களுக்கென்றே அறைகளைக் கட்டி விடுதியாகவே மாறிவிட்டன. மேசையைச் சுற்றி நான்கைந்து வெளிநாட்டினர். வீட்டுக்கார அம்மாள் கறுப்பு பீன்ஸையும் தொர்தியா என்ற சோள ரொட்டியையும் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார். மிச்சப் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். காலையில் கற்றது மதியச் சாப்பாட்டோடு கரைந்துவிடும்.

ஷேலா என்று உள்ளூரார் அழைக்கும் கெட்சால்தெனாங்கோ அதே நாட்டில், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அழகில் அந்திகுவாவின் அருகில்கூட வராது. பிழைப்பைப் பார்க்கும் ஊர். கடைக்காரர் நம் திணறலைக் கண்டு ஆங்கிலத்துக்குத் தாவமாட்டார், பொறுமையாகக் காத்திருப்பார். வகுப்பு இங்கேயும் தனி ஆசிரியரோடுதான். 1996-இல் முடிவுக்கு வந்த உள்நாட்டுப் போர், காப்பித் தோட்டத் தொழிலாளர், மாயா மக்களின் உரிமை என்று மாலையில் உரைகள் நடத்தும் பள்ளிகளும் உண்டு. மாணவர் கூட்டம் குறைவு என்பதால் ஒரு வீட்டுக்கு ஒருவர் என்பது இங்கே எளிதில் கிடைக்கும். சாப்பிட்டு எழும்போது மேசையைப் பார்த்து ‘மூச்சாஸ் கிராசியாஸ்’ (மிக்க நன்றி) என்று சொல்ல வேண்டும். சிறுவன் முதல் பாட்டி வரை எல்லோரும் ‘புவேன் ப்ரொவேச்சோ’ (சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும்) என்பார்கள். சொல்லாமல் எழுந்தால் மரியாதைக் குறைவு.

இரவுக் குளிர் மட்டும் சோதிக்கும். வீடுகளில் ஹீட்டர் இருப்பது அரிது. குளியலறையில் குழாயின் தலையிலேயே மின்சாரச் சூடேற்றி பொருத்தியிருப்பார்கள். தண்ணீரை அதிகம் திறந்தால் சூடு போய்விடும், குறைத்தால் சூடு வரும், ஆனால் நூல் போல ஒழுகும். அந்த இடைப்பட்ட புள்ளியைப் பிடிப்பதும் ஒரு பாடம்தான்.

ஸ்பெயினின் சலமான்கா வேறு உலகம். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம்; நெப்ரிஹா என்ற அறிஞரின் காஸ்தீலிய, அதாவது ஸ்பானிஷ், இலக்கணம் 1492-இல் அச்சானதும் இந்த ஊரில்தான். வகுப்புகள் பெரும்பாலும் குழுவாக நடக்கும். இலக்கணம் ஒழுங்காகப் படியும், வாய் திறக்க வாய்ப்பு குறையும். தேலே (DELE) என்ற, காலாவதியே ஆகாத ஸ்பானிஷ் மொழித் தேர்ச்சிச் சான்றிதழ் தேவைப்படுபவருக்கு ஏற்ற இடம். செலவும் கூடுதல்: குவாத்தமாலாவில் தனி ஆசிரியர், அறை, சாப்பாடு மூன்றுக்கும் ஆகும் தொகை இங்கே குழு வகுப்புக்கும் அறைக்குமே போதாது.

வீட்டுக்காரர் பல இடங்களில் பிள்ளைகள் வெளியேறிய பின் அடுக்குமாடி வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி. மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். சாப்பிட்ட பிறகும் எழுந்திருக்காமல் ஒரு மணி நேரம் பேசுவது ஸ்பெயினின் வழக்கம். ஓரளவு பேசத் தெரிந்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் பொன். ஒன்றும் தெரியாதவர் புன்னகைத்துக்கொண்டே தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டியதுதான்.

தனியாகப் போகிறவர்களுக்குப் பாதுகாப்பு முக்கியம். சலமான்காவில் நள்ளிரவிலும் பெரிய சதுக்கத்தில் குடும்பங்கள் உலாவும். மாட்ரிட் விமான நிலையத்திலிருந்து நேரடி பஸ்ஸும் உண்டு. குவாத்தமாலாவில் இருட்டிய பின் தனியாக நடக்க வேண்டாம் என்று வீட்டாரே சொல்வார்கள். தலைநகரில் இரவில் இறங்கினால் அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் ஷேலாவுக்குக் கிளம்புங்கள், மலைப்பாதையில் அரைநாள் பயணம். ஆனால் இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது: மாலை முழுவதும் வீட்டாரோடுதான், வேறு போக்கிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் கனக்கும், பல வீடுகளில் அன்று மாணவருக்குச் சாப்பாடு கிடையாது. அன்று பேச்சுத்துணை எளிதில் கிடைப்பது அந்திகுவாவில்தான்.

அடிப்படையே தெரியாதவர் என்றால் என் ஓட்டு ஷேலாவுக்கு. குளிர் ஒத்துக்கொள்ளாதவர், முதல் தனிப்பயணம் என்று தயங்குபவர் அந்திகுவாவில் தொடங்கலாம். தேர்வு எழுதப் போகிறவர் சலமான்காவுக்குப் போகட்டும். எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன் பள்ளிக்கு எழுதி, அந்த வாரம் அதே வீட்டில் எத்தனை மாணவர்கள் இருப்பார்கள், குடும்பத்தார் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். ‘வீட்டைப் பொறுத்தது’ என்று பதில் வந்தால் ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள். குவாத்தமாலாவில் வாரக் கணக்கில்தான் வகுப்பு என்பதால், வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் சொல்லி வேறு வீடு கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.