முதல் வரைவு யாருடையது? செயற்கை நுண்ணறிவோடு எழுதும் நான்கு வழிகள்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் துணையாகக் கொண்டு எழுதுகிறவர்களிடம் பொதுவாக நான்கு வழக்கங்களைக் காண முடிகிறது. தலைப்பையும் குறிப்புகளையும் கொடுத்து முதல் வரைவைக் கருவியிடமே வாங்கி, பிறகு உட்கார்ந்து திருத்துவது ஒன்று. தானே எழுதிவிட்டுச் செம்மைப்படுத்தித் தருமாறு கேட்பது இரண்டாவது. தன் பழைய கட்டுரைகளை மாதிரியாகக் கொடுத்து அதே நடையில் எழுதச் சொல்வது மூன்றாவது. எழுதும் வேலையை விட்டுக்கொடுக்காமல், எழுதியதைப் படித்துக் குறை சொல்லும் வாசகராக மட்டும் கருவியை வைத்துக்கொள்வது நான்காவது. நேரத்தையோ உழைப்பையோ அளவுகோலாகக் கொண்டால் இவற்றின் தரவரிசை வேறு. எழுதி முடித்த பிறகும் அது எழுதியவரின் குரலாகவே ஒலிக்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்தே இங்கே இவற்றை எடைபோடுகிறேன்.

ஒருவரின் குரலை அவருடைய அரிய சொற்களிலும் உவமைகளிலும் தேடுவது நம் வழக்கம். அது உண்மையில் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787-88 ஆண்டுகளில் புனைபெயரில் வெளியான ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12 கட்டுரைகளை எழுதியவர் அந்நாட்டு அரசியல் தலைவர்களான ஹாமில்டனா மேடிசனா என்ற சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. 1964-இல் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள், கட்டுரைகளின் கருத்துகளைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல், எவரும் கவனிக்காத சின்னஞ்சிறு இணைப்புச் சொற்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, அவை மேடிசனுடையவை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆக, எழுதுகிறவர் தன்னை அறியாமல் இடுகிற தடயங்களே அவரை அடையாளம் காட்டுகின்றன. தமிழில் ‘தான்’, ‘கூட’, ‘என்றாலும்’ போன்றவற்றை ஒருவர் எங்கே வைக்கிறார், ஏகாரத்தை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறார், வாக்கியத்தை எவ்வளவு தூரம் நீட்டி முடிக்கிறார் என்பவற்றை அத்தகைய தடயங்களாகக் கொள்ளலாம்.

முதல் வழியில் இந்தத் தடயங்கள் தொடக்கத்திலேயே இல்லாமல் போகின்றன. இந்தக் கருவிகளை இயக்கும் மொழி மாதிரிகள் (language models), முன்னால் வந்த சொற்களைக் கொண்டு அடுத்து எது வரக்கூடும் என்று கணித்தே எழுதுகின்றன. அதற்கு மேல், மனிதர்கள் விரும்பித் தேர்ந்த பதில்களைக் கொண்டு அவற்றுக்கு மறுபயிற்சியும் தரப்படுகிறது. இந்த மறுபயிற்சி அவற்றைப் பணிவாகவும் தெளிவாகவும் பேச வைக்கிறது, கூடவே ஒரே அச்சில் வார்க்கவும் செய்கிறது. 2024-இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவி தந்த யோசனைகளைப் பெற்றவர்கள் எழுதிய சிறுகதைகள் தனித்தனியே பார்க்கையில் கூடுதல் மதிப்பெண் பெற்றன. ஆனால் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது அதிக ஒற்றுமை கொண்டிருந்தன. வெறும் யோசனைக்கே இந்த விளைவு என்றால், முழு வரைவையும் கருவியிடம் வாங்கினால் என்ன மிஞ்சும்? சொற்களை மாற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற தேர்வுகள் அந்த வரைவில் ஏற்கெனவே முடிந்துவிட்டிருக்கும், திருத்துகிறவர் அவற்றைத் தொடுவது அரிது. அறிவிப்பு, விண்ணப்பம் போன்றவற்றுக்கு இந்த வழி போதும். அவற்றில் யாரும் நம் குரலைத் தேடுவதில்லை.

இரண்டாவது வழியைத்தான் பலரும் பாதுகாப்பானதாக நம்புகிறார்கள், என் பார்வையில் அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. கருத்து நம்முடையது, வரிசை நம்முடையது, ஆகவே குரலும் நம்முடையதுதான் என்று தோன்றிவிடுகிறது. செம்மைப்படுத்தச் சொன்னதும் கருவி முதலில் கை வைப்பதோ மேலே சொன்ன அந்தச் சிறு சொற்களில். தயக்கத்தோடு சொன்னதை அது உறுதியாக்குகிறது, பேச்சுச் சாயல் கொண்ட சொல்லை ஏட்டுச் சொல்லாக்குகிறது, பத்தியின் முடிவில் யாரும் கேட்காத ஒரு தொகுப்பு வாக்கியத்தைச் சேர்க்கிறது. தமிழில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பெரும் மொழி மாதிரிகளின் பயிற்சித் தரவில் ஆங்கிலமே மிகுதி என்பதால், ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’ என்ற தொடரும் செயப்பாட்டு வினைகளும், தேவையே இல்லாத இடங்களில் ‘ஒரு’ என்பதும் வந்து குவிகின்றன. இந்தியர்களும் அமெரிக்கர்களுமாக 118 பேரை ஆங்கிலத்தில் எழுத வைத்து கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வு, அடுத்த சொற்களை முன்மொழியும் கருவியோடு எழுதியபோது இந்தியர்களின் எழுத்து அமெரிக்க நடையை நோக்கி நகர்ந்ததைக் காட்டியது. ஏற்கவும் மறுக்கவும் முழு உரிமை அவர்களிடம்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வழியை அடியோடு விலக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ‘செம்மைப்படுத்து’ என்ற பரந்த கட்டளைக்குப் பதிலாக, எழுத்துப்பிழைகளையும் ஒருமை பன்மை மயக்கங்களையும் பட்டியலிடு, வாக்கியத்தை மாற்றி எழுதாதே என்று குறுக்கிக் கேட்டால், மாற்றும் கை நம்முடையதாகவே இருக்கும். சந்திப்பிழை விஷயத்தில் மட்டும் கருவியின் தீர்ப்பை நம்பி ஒற்று இடக் கூடாது. தவறான விதியையும் அது தயங்காமல் விளக்கும்.

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பலகுரல் கலைஞர்கள் பிறருடைய இருமலையும் இழுவையையும் பிடித்துக்கொள்வதைப் போல, மாதிரிக் கட்டுரைகளில் எடுப்பாகத் தெரியும் பழக்கங்களைக் கருவி பிடித்துக்கொண்டு மிகைப்படுத்துகிறது. அது கற்பதும் நாம் நேற்று எழுதிய நடையைத்தான். இன்றைய பொருளுக்கு நாம் வேறு விதமாக எழுதியிருக்கக்கூடும்.

நான்காவது வழிக்கே என் வாக்கு. எந்த இடத்தில் வாதம் அறுகிறது, எந்தக் கூற்றுக்கு ஆதாரம் போதவில்லை, முன்பின் தெரியாதவர் எங்கே தடுமாறுவார் என்று கேட்டு, விடையில் மாற்று வாக்கியம் எதுவும் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினால், பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் நாம் எழுதியதாகவே இருக்கும். நேரம் பிடிக்கும். கருவிகளுக்கு முகத்துதி செய்யும் குணமும் உண்டு; சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், ஜிபிடி-4ஓ என்ற தன் மொழி மாதிரியின் ஒரு புதுப்பிப்பை, அது அளவுமீறிப் புகழ்கிறது என்பதற்காகவே 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. ஆகவே ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதில் பயனில்லை, மிகப் பலவீனமான பத்தி எது என்று கேட்க வேண்டும். அப்போதும், கிளைக்கதைகளையும் ஓரக் குறிப்புகளையும் வெட்டச் சொல்லும் அதன் அறிவுரையைப் பெரும்பாலும் நான் கேட்பதில்லை.

இந்தத் தேர்வுக்கு ஒரு விலக்கு உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தும் எழுத உட்கார்ந்தால் விறைத்துப்போகிறவர்கள், சொல்ல வேண்டியதைப் பேசிப் பதிவுசெய்து, கருவியைக் கொண்டு எழுத்தாக மாற்றி, அந்தப் பிரதியிலிருந்து தாமே வரைவை உருவாக்குவது நான்காவது வழியைக் காட்டிலும் நல்லது. பேச்சின் தடயங்கள் அதில் தப்பிப் பிழைக்கின்றன.

எந்த வழியில் எழுதினாலும், குரல் நிலைத்திருக்கிறதா என்று அறிய, இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் கருவிகளை நாடுவது வீண். ஓப்பன்ஏஐ தான் உருவாக்கிய கண்டறியும் கருவியையே துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகச் சொல்லின. நம் எழுத்தை நெடுநாள் படித்து வருகிற ஒருவரிடம் கொடுத்துக் கேட்பது இவற்றைவிட நம்பகமானது.

நான்காவது வழியையும் குறுக்கிய இரண்டாவது வழியையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள் வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. குறை கேட்பது முதலில், பிழை பார்ப்பது கடைசியில். பிழை நீங்கிப் பளிச்சென்று நிற்கும் பத்தியை, வாதத்துக்கு அது தேவையில்லை என்று பிறகு தெரிந்தாலும், வெட்ட மனம் வருவதில்லை.