கைப்பிடித் திருகு கழலாமல் இருக்க: பசையா, ஓ-ரிங்கா?

பிஸ்டல் கைப்பிடித் திருகு அதிர்வில் கழலத்தான் செய்யும். திருகு கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் 243 ஒரு சொட்டு போதும்; காற்றுப் படாத மரைக்குள் உலோகத்தைத் தொட்டு இறுகும். முழுப் பிடிப்புக்கு 24 மணி நேரம் விட வேண்டும். அப்புறம் சாதா ஸ்க்ரூ டிரைவரிலேயே கழற்றலாம். சிவப்பு வேண்டாம் சாமி, சூடு காட்டாமல் அசையாது. 1911 ரகப் பிஸ்டலில் ஒரு வம்பு: பசை போட்ட திருகைக் கழற்றினால் உள்ளே இருக்கும் புஷ்ஷும் (திருகு இறங்கும் மரையுள்ள சிறு குழல்) சேர்ந்து சுழன்று வந்துவிடும்.

ஓ-ரிங்கில் இந்தத் தொல்லை இல்லை. திருகுத் தலைக்கடியில் பொடி ரப்பர் வளையம். இறுக்கும்போது நசுங்கி, திருகை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்; அந்த இறுக்கத்தில் திருகு எளிதில் கழலாது. அடிக்கடி பிரித்துத் துடைப்பவருக்கு என் ஓட்டு இதற்கே. பம்பு செட் ஊரான கோவையில் ஓ-ரிங்குக்கு என்ன பஞ்சம்? திருகைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள்.