துளி சிப்பும் சிரிஞ்சு பம்பும் சேர்ந்த செட்: சிப் அருமை, பம்பு சுமார்

எண்ணெய்க்குள் தண்ணீரைச் சிறு துளிகளாகப் பிரிக்கும் சிப் இது. பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன் ரப்பரால் ஆனது; துளி பிரியும் குறுகிய கழுத்து 50 மைக்ரான் அகலம். தண்ணீரை மணிக்கு 200 மைக்ரோலிட்டர், ஃப்ளூரின் எண்ணெயை 600 என்று வைத்தால் சுமார் 50 மைக்ரான் துளிகள் விழுகின்றன. கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 850. அந்த வேலையில் சிப்பைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் பம்பில்தான். ஸ்டெப்பர் மோட்டார் படிப்படியாகத் தள்ளுவதால், கூடவே வரும் 10 மில்லி சிரிஞ்சில் ஓட்டம் துடிக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: துளிகள் பெருத்தும் சிறுத்தும் அலையலையாக வரும். 1 மில்லி சிரிஞ்சு மாட்டினால் அதே ஓட்டத்துக்குப் பிஸ்டன் வேகமாக நகரும், துடிப்பு அடங்கும். செட்டில் உள்ள சிலிக்கோன் டியூபையும் தூக்கிப் போடலாம். அது உப்பிச் சுருங்குவதால், வேகத்தை மாற்றும்போதெல்லாம் ஓட்டம் நிலைக்க வெகுநேரம் பிடிக்கிறது. விறைப்பான டெஃப்லான் டியூப் போடுங்கள்.

எண்ணெயை முதலில் ஓடவிட்டு, பிறகே தண்ணீர். முந்தினால் தண்ணீர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். துளிக்குப் பதில் நீண்ட நாடாதான் ஓடும். பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) போட்டு ஒட்டிய புது சிப்புக்கு இந்தக் குணம் அதிகம், ஆகவே தண்ணீரை ஒட்டவிடாத ஃப்ளூரோசிலேன் பூச்சுள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

துளிகள் ஒன்றுசேராமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்) 2 சதவீதம் போதும். மிகவும் குறைத்தால் சிப்பில் அழகாகப் பிரிந்த துளிகள் குப்பியில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இரண்டு திரவத்தையும் 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டாமல் ஏற்றாதீர்கள். கழுத்தில் ஒரு நூலிழை சிக்கினாலே சிப் வீண்.