பத்தாண்டுகளாக நான் வாசித்துவரும் ஓர் ஆய்விதழ்

1997இல் தொடங்கி, இப்போது ஸ்பிரிங்கர் நிறுவனத்திடமிருந்து வெளிவரும் 'டேட்டா மைனிங் அண்ட் நாலெட்ஜ் டிஸ்கவரி' ஆய்விதழை, ஆய்வு மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகப் படித்துவருகிறேன். பெருந்தரவிலிருந்து பயனுள்ள ஒழுங்குகளைக் கண்டெடுக்கும் துறையான தரவு அகழ்வில் புதிய செய்திகள் பெரும்பாலும் மாநாடுகளில்தான் முதலில் வெளிவருகின்றன. புதுமையை மட்டும் தேடுபவருக்கு இவ்விதழ் சற்றுத் தாமதமாகவே தோன்றும். மாநாட்டுக் கட்டுரையின் பக்க வரம்புக்குள் அடங்காத விரிவான சோதனைகளுக்காகவும் பொறுமையான விளக்கங்களுக்காகவுமே நான் இதை நாடுகிறேன்.

தரவை வகைகளாகப் பிரிக்கக் கணினிக்குக் கற்பிக்கும் முறைகளில் ஒன்றான சப்போர்ட் வெக்டர் மெஷின் குறித்து கிறிஸ்டோபர் பர்ஜஸ் 1998இல் இதில் எழுதிய பயிற்சிக் கட்டுரை 47 பக்கங்கள் கொண்டது. ஓரமெங்கும் பென்சில் கணக்குகள் நிறைந்த அதன் அச்சுப் படி இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு கற்றல் முறை எவ்வளவு சிக்கலான பிரிப்புகளைச் செய்யவல்லது என்பதை அளக்கும் வி.சி. பரிமாணம் பற்றிய தொடக்கப் பகுதி மூன்றாம் வாசிப்பில்தான் பிடிபட்டது.

ஆயினும் என் ஆய்வின் போக்கையே மாற்றியது, ஆந்தனி பேக்னலும் உடனாசிரியர்களும் 2017இல் வெளியிட்ட ஒப்பீட்டுக் கட்டுரைதான். காலத்தொடர் வகைப்படுத்தலுக்காக, அதாவது நேர வரிசையில் பதிவான அளவீடுகளை வகை பிரிப்பதற்காக, முன்மொழியப்பட்டிருந்த 18 வழிமுறைகளை ஒரே ஜாவா கட்டமைப்பில் எழுதி, 85 தரவுத்தொகுப்புகள் ஒவ்வொன்றிலும், பயிற்சிக்கும் சோதனைக்குமான பிரிப்பை மாற்றி மாற்றி 100 முறை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த இரண்டு அடிப்படை முறைகளையும் உறுதியாக விஞ்சியவை 9 மட்டுமே. அப்போது நான் மோட்டார் அதிர்வுத் தரவுக்கென ஒரு வழிமுறையை உருவாக்கி, ஒரே ஒரு பிரிப்பில் கிடைத்த துல்லியத்தை நம்பியிருந்தேன். அந்த வாரமே அதை 100 பிரிப்புகளில் ஓட்டினேன். டைனமிக் டைம் வார்ப்பிங்குடன் கூடிய எளிய நியரஸ்ட் நெய்பர் முறையைக்கூட (நேரத்தில் சற்று முன்பின் நகர்ந்திருந்தாலும் பொருத்திப் பார்த்து, மிகவும் ஒத்த தொடரின் வகையையே தரும் முறை) அது தாண்டவில்லை. மிகுந்த வருத்தத்துடன்தான் அந்த அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து நீக்கினேன், ஆனால் நீக்கியது சரியே.

இத்தகைய ஒப்பீடு பின்வருபவர்களுக்கு அளவுகோலாகவும் அமைகிறது. 2020இல் இதே இதழில் வந்த, காலத்தொடர் வகைப்படுத்தலுக்கான 'ராக்கெட்' முறை, அதே 85 தொகுப்புகளுக்கும் பயிற்சி, சோதனை இரண்டையும் 2 மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டியபோது, அதன் வேகம் எவ்வளவு பெரிது என்பது உடனே விளங்கியது.

குறையென்றால் சந்தாதான். பேக்னலின் கட்டுரை எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பல கட்டுரைகள் கட்டணத்துக்குப் பின்னால் இருப்பதால், நூலகச் சந்தா இல்லாத கல்லூரிகளின் மாணவர்கள் ஆசிரியர்களின் சொந்த இணையப் பக்கங்களில் முன்வரைவைத் தேட வேண்டியிருக்கிறது. இப்போது என்னிடம் வரும் மாணவர்களிடம், எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முன்னுரைக்கு முன்பே சோதனைப் பகுதியைத் திறந்து, எத்தனை தரவுத்தொகுப்புகள், எத்தனை பிரிப்புகள் என்று முதலில் எண்ணச் சொல்கிறேன்.